பல்லைப் பார்த்தாயிற்று, பந்தயத் தேதியைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: காரைக்குடி பக்கம் கிராமம். போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஓர் ஆண் குதிரைக்குட்டி வாங்கினோம். மூன்று வயது முடிந்துவிட்டது என்று சொல்லி விற்றார்கள். வைகாசித் திருவிழா எல்கை வண்டிப் பந்தயத்தில் கரிச்சான் என்ற பிரிவில் இறக்க ஆசை. தினமும் காலை வண்டியில் பூட்டித் தார்ரோட்டில் 6 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். தீனி: கொள்ளு 2 கிலோ, தவிடு 2 கிலோ, மற்றபடி கோ-4 புல். பத்து நாளாக முன்னங்கால் இரண்டிலும் முட்டிக்குக் கீழே லேசாகச் சூடு தெரிகிறது, நொண்டவில்லை. பெரியவர் ஒருவர் காலில் சூடு போட்டால் கெட்டிப்படும் என்கிறார். போடலாமா? லாடம் இப்போதே கட்டலாமா? வைகாசிக்குள் தயாராக என்ன செய்ய வேண்டும்? பல், கால் படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

முதலில் பல். நீங்கள் அனுப்பிய படத்தில் கீழ்த்தாடை முன்பற்களில் நடு இரண்டு மட்டும் பெரிதாக, அகலமாக, சற்றே மஞ்சளாக இருக்கின்றன. அவற்றுக்கு இருபுறமும் வெள்ளையாக, சிறிதாக, அடியில் கழுத்துப் பிடித்தாற்போல் இருப்பவை பால்பற்கள். நடு ஜோடி விழுந்து முளைப்பது இரண்டரை வயதில். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். நடு ஜோடி இன்னும் முழுதாகத் தேயத் தொடங்கவில்லை. ஆக இன்று உங்கள் குட்டிக்கு இரண்டே முக்கால் இருக்கலாம். மூன்றைத் தொட்டிருந்தாலும் தாண்டவில்லை. சந்தையில் சொன்ன வயதை நம்பிச் சென்ற ஆடியிலிருந்தே வண்டி பூட்டியிருந்தால், இரண்டேகால் வயதுக் குட்டியைத் தார்ரோட்டில் ஓட்டியிருக்கிறீர்கள்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், காலில் நீளம் வளரும் இடங்கள் மூடுவதற்குத் தனிக் கணக்கு உண்டு. முட்டிக்குச் சற்று மேலே உள்ள வளர்ச்சித் தட்டு மூட இரண்டு, இரண்டரை வயதாகும். முதுகெலும்பு ஐந்து வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். வைகாசிக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்த நான்கு மாதத்தில் உடம்பு வாட்டசாட்டமாகிவிடும், மூச்சும் கூடிவிடும். தசைக்கும் நெஞ்சுக்கும் சில வாரம் போதும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் இளங்குதிரைகள் கெடுகின்றன: ஓடத் தெம்பு வந்துவிடும், தாங்கக் கால் வந்திருக்காது. அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு வேளார் வீட்டு மண்குதிரையைத் தேதி சொல்லிச் செய்து வாங்கலாம், உயிர்க்குதிரைக்கு அந்த வசதி இல்லை. வைகாசியை விட்டுவிடுங்கள். அடுத்த ஜோடிப் பல் முளைத்து, கீழே சொல்லும் வேலைத் திட்டமும் ஒழுங்காக முடிந்தால், அடுத்த ஆண்டு சின்னத் தூரத்தில் இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.

இனி அந்தச் சூடு. இதை நாளைக் காலை, தீனி வைக்கும் முன், வேலை எதுவும் கொடுக்காமல் பாருங்கள். குட்டியை நேராக நிறுத்தி, புறங்கையை முட்டியிலிருந்து கீழ்நோக்கி மெதுவாக இறக்குங்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு நன்றாகத் தெரியும். இரண்டு காலிலும் இருப்பதால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். பின்னங்காலின் அதே இடத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முட்டிக்கும் குளம்புக்கு மேலுள்ள மூட்டுக்கும் நடுவில், குழல் எலும்பின் முன்பக்கம் நெடுகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நடுப்பகுதியில் ஓரிடத்தில் காலை வெடுக்கென்று இழுத்தாலோ, அங்கே எலும்பு லேசாக மேடு தட்டியிருந்தாலோ அது முன்னெலும்பு வீக்கம்தான். படத்தில் வலது காலில் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அந்த மேடு இருப்பதுபோல் எனக்குத் தெரிகிறது. கையால் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும்.

வேகமாக ஓடும்போது குழல் எலும்பின் முன்பக்கம் நசுங்கி விரியும். எலும்பு அதற்கு ஏற்பப் புதிய அடுக்கைப் போட்டுக்கொள்ளும். போடுவதைவிட வேகமாக நசுக்கினால் எலும்பைச் சுற்றியுள்ள உறை வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நிலையில் நிறுத்தினால் ஆறிப்போகும். நிறுத்தாமல் ஓட்டிய சில குதிரைகளுக்கு அதே இடத்தில் பின்னாளில் மயிரிழை விரிசல் விழுகிறது. நொண்டவில்லை என்பது இங்கே ஆறுதல் இல்லை. இரண்டு காலும் ஒரேபோல் வலித்தால் எந்தக் காலை நொண்டும்? காலெட்டு குறுகும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: இன்றே வண்டியை அவிழ்த்துவிடுங்கள். வலி விடும்வரை கையில் பிடித்து நடத்துவது மட்டும், மண் தரையில். காலை மாலை இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் ஓடவிடுங்கள். அழுத்தினால் வலி இல்லை என்று ஆகும்வரை துள்ளு நடைகூட வேண்டாம். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஓர் எக்ஸ்ரே எடுங்கள். முதல் வாரத்தில் எடுத்தால் மயிரிழை விரிசல் தெரியாமலே போகலாம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் போய்வரக்கூடிய தூரம்தான். வலி ஊசி போட்டுக்கொண்டு ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. வலிதான் இப்போது அந்தக் காலுக்குக் காவல்.

காலில் சூடு போடுவது பற்றி: போடாதீர்கள். இரும்பு தோலைத்தான் சுடும், எலும்பைக் கெட்டியாக்காது. சூடு போட்ட பிறகு குதிரை தேறுவதாகத் தெரிவதற்குக் காரணம், புண் ஆறும்வரை அதை ஓட்டாமல் விடுவதுதான். அந்த ஓய்வைச் சூடு இல்லாமலே கொடுக்கலாம். திறந்த தீப்புண் டெட்டனசுக்கும் வாசல்.

அடுத்து தீனி. காலுக்கு அடுத்தபடி என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான், காலோடு தொடர்பும் உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் இல்லாத மாதிரி. ஒரு கிலோ அரிசித்தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 15 கிராம், கால்சியம் ஒரு கிராம் அளவுதான். வளரும் குதிரைக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. மேலும் கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. இளசாக அறுத்தால் இன்னும் அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் அதைப் பெருமளவு சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை, ஆகவே ஆக்சலேட் புல்லில் இருக்கும் கால்சியத்தையும் கட்டிப்போட்டு லத்தியில் தள்ளிவிடும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் கால்சியத் தேவைக்கு எலும்பையே கரைத்து எடுக்கும். இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று மாறி மாறி நொண்டுவது, பிறகு முகத்தெலும்பும் தாடையும் தடிப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். கால் எலும்பு கட்டவேண்டிய நேரத்தில் கட்டுமானச் சாமானை நீங்களே பிடுங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கொழுக்கட்டைப் புல்லுக்கும் இதே குற்றம் உண்டு. நம் வயல் வரப்பில் கேட்பாரற்றுக் கிடக்கும் அருகம்புல் குதிரைக்கு எவ்வளவோ மேல்.

கொள்ளு நல்ல தீனிதான், அளவு தப்பு. 2 கிலோ கொள்ளில் மட்டும் 400 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. உங்கள் குட்டிக்கு ஒரு நாள் முழுவதற்கும் வேண்டிய புரதமே ஏறத்தாழ அவ்வளவுதான். மிச்சம் மூத்திரத்தில் போகும். லாயத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கிறதா என்று பாருங்கள், அதுதான் இது. அந்தக் காற்றையே இரவெல்லாம் மூச்சு விடுகிறது.

எடை தெரியாமல் தீனி போட முடியாது. தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டத்தின் பின்முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,900-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 140, நீளம் 135 என்றால் சுமார் 222 கிலோ. படத்தில் தெரியும் உயரத்துக்கு உங்கள் குட்டி அந்தச் சுமாரில் இருக்கும் என்று வைத்துச் சொல்கிறேன். அளந்து பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். வைகாசி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

220 கிலோவுக்கு ஒரு நாள்: காய்ந்த அருகு அல்லது நல்ல காய்ந்த புல் 3 கிலோ, பச்சைக் குதிரை மசால் (லூசர்ன் தழை) 4 கிலோ, காய்ந்த கடலைக்கொடி 1 கிலோ. தானியத்தில் ஓட்ஸ் அல்லது நொறுக்கிய பார்லி 700 கிராம், கொள்ளு காய்ந்த எடையில் 400 கிராம், தவிடு 250 கிராமுக்கு மேல் வேண்டாம். சமையல் உப்பு 25 கிராம், வேர்த்து வடியும் நாளில் 40-50 கிராம். மசாலோ கடலைக்கொடியோ கிடைக்காத வாரத்திலும், கோ-4 தவிர வேறு புல் இல்லாத நாட்களிலும் தீவனத் தர சுண்ணாம்புக்கல் பொடி 30-40 கிராம் தானியத்தில் கலந்து கொடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேறு, அதைப் போட்டு வாயைப் பொசுக்கிவிடாதீர்கள். கொள்ளை இரவு ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மலர வேகவைத்து, ஆறிய பிறகு அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நம் வெயிலில் காலையில் வேகவைத்தது மாலைக்குள் புளித்துவிடும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான். தானியத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு 600-700 கிராமைத் தாண்ட வேண்டாம். பழைய தீனியிலிருந்து இதற்கு மாறப் பத்து பதினைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை இல்லாத நாளில் தானியத்தைப் பாதியாக்குங்கள், புல்லைக் குறைக்காதீர்கள். முழுத் தானியம் தின்று ஒரு நாள் நின்றுவிட்டு மறுநாள் ஓடும் குதிரைக்குப் பின்தொடைத் தசை கட்டையாக இறுகி, நகர முடியாமல், மூத்திரம் காப்பிநிறத்தில் போகும். அப்படி ஆனால் நடத்தி வீட்டுக்குக் கொண்டுவரக்கூட முயலாதீர்கள். நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரை வரவழையுங்கள். 1962 எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

கடலைக்கொடியை உதறாமல் போடக்கூடாது. நம் செம்மண் அதன் வேரோடு ஒட்டிக்கொண்டே வரும். தரையில் கொட்டித் தின்னவிட்டால் மண்ணும் சேர்ந்து போகும். வாரம் ஒருமுறை புதிதாக விழுந்த லத்தியில், தரையைத் தொடாத மேல் உருண்டைகள் ஐந்தாறை ஒரு வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெதுவாகச் சாய்த்துக் கொட்டுங்கள். அடியில் விரலில் நெருடும் மணல் ஒரு தேக்கரண்டி நின்றால் குடலில் மண் சேர்கிறது என்று பொருள். தொட்டியில் தீனி வையுங்கள், புல்லின் அளவைக் கூட்டுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். சவுண்டல் (சூபாபுல்) தழையையும் தவிருங்கள். பிடரியும் வாலும் மயிர் கொட்டும். பச்சைச் சோளத்தட்டை குதிரையின் மூத்திரப்பையையும் பின்னங்காலையும் செயலிழக்க வைக்கும்.

கால் ஆறிய பிறகு வேலை. நாள் முழுதும் கட்டிப்போட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுவதுதான் நம் பக்கத்து வழக்கம். கட்டிக்கிடக்கும் இளங்குதிரையின் எலும்பு வலு இழக்கும். முதல் மருந்து, வேலியடைத்த இடத்தில் பகலில் ஆறேழு மணி நேரம் அவிழ்த்துவிடுவது. முதல் நான்கு வாரம் கையில் பிடித்து நடை: 20 நிமிடத்தில் தொடங்கி 45 வரை, வாரம் ஐந்து நாள், கண்மாய்க்கரை மண்பாதையில். அடுத்த நான்கு வாரம் சேணம் பூட்டி, நீண்ட லகான் இரண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நீங்கள் நடந்து ஓட்டுங்கள். இடையே இரண்டு நிமிடத் துள்ளு நடை, மூன்று முறை. நிற்க, திரும்ப, பின்னுக்கு வர எல்லாவற்றையும் இங்கேயே கற்றுக்கொள்ள வேண்டும். வண்டியில் கற்றுக்கொடுக்க நினைத்தால் ஏர்க்கால்தான் முறியும். மூன்றாம் மாதம் மோட்டார் சைக்கிள் டயரை இழுக்கட்டும், பிறகு கார் டயர். நான்காம் மாதம் வெறும் வண்டி, சமதரையில், நடையில். ஆள் ஏறுவது அதற்குப் பிறகு.

தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். நான்காவது வாரம்தோறும் வேலையைப் பாதியாக்குங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் இருமுறை, வண்டி இல்லாமல், நேர்கோட்டில் 50-60 மீட்டர் தூரம் மூன்று நான்கு முறை வேகமாக ஓடவிடுங்கள். எலும்பு எந்த வேகத்தைச் சந்திக்கிறதோ அந்த வேகத்துக்குத்தான் கட்டிக்கொள்ளும். மெதுவாகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டினாலும் பாய்ச்சலுக்கான எலும்பு வராது. அதற்குச் சில பத்து அடிகள் போதும், அதிகம் போனால் மறுபடி சூடுதான். நடுவில் ஆள் நின்று கயிற்றில் வட்டமாக ஓட்டுவதைப் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள், அதுவும் இரு பக்கமும் மாற்றி மாற்றி. சின்ன வட்டம் இளங்காலை முறுக்கும்.

கட்டைவிரல் சோதனையை இனி தினமும் செய்யுங்கள். கூடவே தாடையெலும்பின் உட்பக்கம் விரல் வைத்து நாடி பாருங்கள்: ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, இளசுக்குச் சற்றுக் கூடலாம். மலவாய்ச் சூடு 99 முதல் 101 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வேலை முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாடி 60-க்குக் கீழே இறங்காவிட்டால் அன்றைய வேலை அதன் சக்திக்கு மேல். விலா ஏறி இறங்குவது நாடியைவிட வேகமாக இருந்தால் உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறுகிறது.

பங்குனி தொடங்கினால் வேலை காலை ஏழுக்குள் முடிந்துவிட வேண்டும். ஓடிவந்த குதிரைமேல் தண்ணீர் ஊற்றினால் கால் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் காட்டினால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று சொல்வதை நம்பாதீர்கள். தண்ணீரை உடம்பெங்கும் தொடர்ந்து ஊற்றுங்கள், வழித்துவிடுங்கள், மறுபடி ஊற்றுங்கள். குடிக்கத் தாராளமாக வையுங்கள். நம் கோடையில் வேலை செய்யும் இந்த அளவுக் குதிரை நாளுக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும். மற்ற குதிரைகள் வேர்த்து நிற்கும்போது ஒன்று மட்டும் தோல் காய்ந்து மூச்சு வாங்கினால் அது தெம்பு இல்லை, வியர்வை நின்றுபோன நோய். வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

லாடம் இப்போது வேண்டாம். மண்தரை வேலைக்கு வெறுங்குளம்பே போதும், விரிந்து சுருங்கி நன்றாக வளரும். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவி மட்டம் செய்யுங்கள். படத்தில் முன்நுனி நீண்டு குதி தாழ்ந்திருக்கிறது, அது காலின் பின்பக்கத் தசைநாரை இழுக்கும். வண்டி தார்ரோட்டுக்கு வரும் காலத்தில் லாடம் கட்டலாம். மாட்டுக்கு மட்டும் கட்டிப் பழகியவரிடம் கொடுக்காதீர்கள். ஆணி, குளம்பின் அடியில் தெரியும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், ஒரு நூல் உள்ளே போனாலும் சீழ் பிடிக்கும்.

இரண்டரை முதல் நாலரை வயது வரை கடைவாய்ப் பால்பற்களும் விழுந்துகொண்டிருக்கும். மென்ற புல்லை உருண்டையாக உமிழ்ந்தாலோ, கடிவாளத்துக்குத் தலையை ஒருபுறம் சாய்த்தாலோ முரட்டுத்தனம் என்று சவுக்கை எடுக்காமல் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

டெட்டனஸ் தடுப்பூசி போட்ட விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த வாரமே முதல் ஊசி, நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒன்று. சந்தைக் குதிரை என்பதால் கிளாண்டர்ஸ், சர்ரா என்ற இரண்டு நோய்களுக்கும் ரத்தம் எடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். சர்ராவைக் கடிஈ பரப்பும். விட்டு விட்டுக் காய்ச்சல், நன்றாகத் தின்றும் இளைப்பு, அடிவயிற்றிலும் காலிலும் நீர்வீக்கம் ஆகியவை சர்ராவின் அடையாளங்கள். குடற்புழு மருந்தை லத்தியில் முட்டை எண்ணிப் பார்த்துவிட்டு எடைக்கு ஏற்பக் கொடுங்கள்.

கொட்டகையில் மாடும் இருப்பது படத்தில் தெரிகிறது. மாட்டுத் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும், ஆகவே அந்த மூட்டை குதிரைக்கு எட்டாத அறையில் இருக்கட்டும். உண்ணிக்கு மாட்டின்மேல் அடிக்கும் அமிட்ராஸ் மருந்தும் அப்படித்தான்: குதிரைக்கு அடித்தால் குடல் அசைவு நின்று லத்தி கட்டிக்கொள்ளும். குட்டியின் காதுமடலிலும் வாலடியிலும் உண்ணி இருந்தால் கையால் பிடுங்கிப் போடுங்கள், மிஞ்சியதற்குக் குதிரைக்கென்று மருத்துவர் எழுதித் தரும் மருந்தை வாங்குங்கள்.